ஒன்று, பத்து, நூறு

வாசிப்பக்காவுக்கு வயது நாற்பத்தேழு. பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிற நூலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எந்த நடைமேடை என்று சொல்லிக்கொண்டிருந்தவளை ஒருநாள் கூப்பிட்டு, ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரையுள்ள எண்களையும் எல்லா ஊர்ப் பெயர்களையும் தனித்தனியாகச் சொல்லவைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். அவளும் பெருமையாகச் சொன்னாள். அடுத்த மாதமே குரலை வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டார்கள். தன் விரலால் தன் கண்ணையே குத்திக்கொண்டவள் நான் என்று அதைச் சிரித்தபடிதான் சொல்வாள். இன்றைக்கும் மாலையில் அவள் வண்டிக்கு நிற்கும்போது, வண்டி வரப்போவதை மேலே ஒலிபெருக்கியிலிருந்து அவளே அவளுக்குச் சொல்கிறாள். பக்கத்தில் நிற்பவர்கள் யாருக்கும் அது தெரியாது.

வீட்டில் தம்பி, தம்பி மனைவி, இரண்டு பிள்ளைகள். அப்பா போனபிறகு தம்பியைப் படிக்கவைத்தது அக்காதான். அவன் தலையெடுக்கட்டும் என்று இருந்தாள். தலையெடுத்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகட்டும் என்று இருந்தாள். ஆனது. அதற்குள் அவளிடம் கேட்கவேண்டிய கேள்வியை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள், அவளும் நினைவுபடுத்தவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது பெரியவர்களுக்கும் பொருந்தும். இவளோ அழத் தெரியாத பிள்ளை. கேட்டால் தண்ணீர்கூட மெல்லத்தான் கேட்பாள். ஊருக்கே கேட்கிற மாதிரி பேசி வயிறு வளர்த்தவள், தனக்கென்று வந்தால் வாயைத் திறக்கமாட்டாள். இப்படியும் சில பேரைக் கடவுள் படைத்திருக்கிறார்.

நூலகத்தின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை ஒட்டியிருக்கும். ஒரு மேசை, ஒரு மைக், ஒரு நாற்காலி. திங்களும் புதனும் அவள் அங்கே வாசிப்பாள். மைக் முன்னால் உட்கார்ந்ததும் அவளுக்கு ஒரு மாற்றம் வரும். வீட்டில் 'வந்துட்டேன்' என்று சொல்கிற வாய், அங்கே 'வந்துவிட்டேன்' என்றுதான் சொல்லும். இருமல் வந்தால்கூட இலக்கணமாக வரும் என்று மேலாளர் அம்மா கேலி செய்வார். பத்தொன்பது வருடப் பழக்கம், சட்டென்று விடுமா?

அவள் வாசித்ததைக் கேட்கிறவர்கள் நூற்றுக்கும் மேல். ஆனால் புத்தகம் முடிந்ததும் போன் செய்து சொல்கிறவர் ஒருவர்தான். குடிநீர் வாரியத்தில் தொலைபேசி இணைப்பாளர். தண்ணீர் வரவில்லை, குழாய் உடைந்துவிட்டது என்று கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, உரிய அதிகாரிக்கு இணைத்துவிடுவது அவர் வேலை. நூலகத்தில் அவருக்கு டெலிபோன்காரர் என்றே பெயர். பதினாறு வயதில் பார்வை போனது, இப்போது ஐம்பது. வயதான அக்காவோடு இருக்கிறார். இந்த நான்கு வருடத்தில் முப்பத்தொரு தடவை கூப்பிட்டிருக்கிறார். எண்ணிக்கை அவர் வைத்தது இல்லை, இவள் வைத்தது.

பேச்சு ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது. புத்தகத்தைப் பற்றித்தான் பேசுவார், ஆனால் யாருக்கும் தோன்றாத ஒன்றைச் சொல்வார். ஒருமுறை, கதையில் அந்தக் கிழவர் பொய் சொல்கிற இடங்களில் எல்லாம் நீங்கள் கொஞ்சம் மெதுவாக வாசிக்கிறீர்கள், அதனால் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்றார். அவளுக்கே அது தெரியாது. தன் குரலை இத்தனை உன்னிப்பாக ஒருவர் கேட்கிறார் என்பது அவளை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. நூலகத்தின் போன் முன்னறையில் மேலாளர் அம்மாவின் மேசைமேல் இருந்தது. அங்கே நின்றுகொண்டு 'ஆமாம் சார், சரி சார், நன்றி சார்' என்பதற்குமேல் அவளுக்கு வராது. மிச்சத்தையெல்லாம் மென்று விழுங்குவாள்.

போன வருடம் ஒருநாள் அவர், "நீளமா ஒன்னு வாசிங்களேன். சீக்கிரம் முடிஞ்சுடாத மாதிரி," என்றார்.

தேடிப்பிடித்து ஒன்றை எடுத்தாள். ஒரு படகோட்டியும் அவர் மகளும், அவளுக்குப் பிறகு மூன்று தலைமுறையும் வருகிற தலையணைப் புத்தகம். எழுதியவர் அத்தியாயம் என்று ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. மூச்சுவிடாமல் எழுதித் தள்ளியிருந்தார். எட்டு மாதம் வாசித்தாள். இருபது இருபது நிமிடமாக வெட்டி, தொண்ணூற்றொன்பது பகுதிகளாகப் பதிவு செய்தாள். ஒவ்வொன்றுக்கும் எண்தான் பெயர்: ஒன்று, இரண்டு, மூன்று. கடைசியில் கணினியின் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரியை அடித்தால், எல்லாப் பகுதிகளையும் அது ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஒரே நீளப் பதிவாக்கிவிடும். கேட்பவர்களிடம் இருக்கும் பெட்டியில் ஓட்ட ஒரு பொத்தான், நிறுத்த ஒரு பொத்தான், அவ்வளவுதான். தாண்டிப்போகவோ திரும்பிப்போகவோ வழி கிடையாது.

முன்பெல்லாம் ஒட்டும் வேலையைப் பார்த்தவர் நூலகத்தின் கம்ப்யூட்டர்காரர். அவருக்கு வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்துப் போகும்போது, அடிக்கவேண்டிய வரியைத் தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனார். பெயர் வைக்கும்போது எப்போதும் மூன்று இலக்கமாக வையுங்கள், ஒன்று என்றால் சுழியம் சுழியம் ஒன்று என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவள் அதை அழகுக்காகச் சொன்னது என்று நினைத்துக்கொண்டாள். எண்ணுக்கு முன்னால் போடுகிற சுழியத்துக்கு மதிப்பில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாளே. மதிப்பில்லாததை எதற்குத் தொண்ணூற்றொன்பது தடவை அடிப்பது?

தொண்ணூற்றொன்பதாவது பகுதியை முடித்த அன்று அவள் உடனே எழுந்துவரவில்லை. மைக் இன்னும் திறந்திருந்தது. எட்டு மாதம் அந்த ஒருவருக்காகத்தான் வாசித்தோம் என்பது அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. இன்றைக்கு விட்டால் இனி என்றைக்குமில்லை என்று தோன்றியது. நூறு என்று புதிதாக ஒன்றைத் திறந்து பேசினாள்.

"புதன்கிழமைகளில் நாலு மணிக்குமேல் நான் இங்கேதான் இருப்பேன். கதவு தாழிட்டிருக்காது. இத்தனை காலம் நான் பேச நீங்கள் கேட்டீர்கள், நீங்கள் பேச நான் கேட்டேன். ஒருமுறை எதிரெதிரே உட்கார்ந்து பேசலாமே என்று இருக்கிறது. வருவதென்றால் வாருங்கள். வராவிட்டாலும் வருத்தமில்லை."

வருத்தமில்லை என்றது பொய். அந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னாள்.

பெயர் சொல்லவில்லை. நூலகம் என்று சொல்லவில்லை. மைக் முன்னால் வாய் பழைய பழக்கத்தில் புத்தகத் தமிழுக்கே போய்விட்டது. அதையெல்லாம் அப்போது யார் யோசித்தார்கள்? முழுக் கதையையும் கேட்டு முடித்தவருக்குக் கடைசியில் வரும் அந்தக் குரல் யாருடையது என்று புரியாதா என்ன? வரியை அடித்தாள், ஒட்டினாள், மெமரி அட்டையில் ஏற்றினாள், உறையில் போட்டு அவர் முகவரிக்கு அனுப்பினாள். மற்றவர்களுக்கு மெல்ல அனுப்பலாம், அவர் கேட்டதுதானே, அவருக்கு முதலில் போகட்டும் என்று மேலாளர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள்.

பிறகு கணக்குப் போட்டாள். மொத்தம் முப்பத்துமூன்று மணி நேரம். வேலை விட்டு வந்து மாலையில் ஒரு மணி நேரம் கேட்பதாக அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். முப்பத்துமூன்று நாள். போய்ச் சேர மூன்று நாள். ஐந்து வாரம் கழித்து வந்த புதன்கிழமை, முன்னறையிலிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே போட்டாள். நல்ல புடவையாகக் கட்டியிருந்தாள். என்ன அண்ணி, இன்றைக்கு ரேடியோவில் படம் காட்டுகிறார்களா என்று தம்பி மனைவி கேட்டாள். வருகிறவருக்குப் புடவை தெரியப்போவதில்லை என்பது வண்டியில் பாதி வழி வந்தபிறகுதான் அவளுக்கே உறைத்தது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

அந்தப் புதன் அவர் வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. நாலு மணிக்குப் பதிவை நிறுத்திவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். நடைபாதையில் யாராவது நடந்தால் கோல் தட்டும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வாள். ஆறு மணிக்கு எழுந்து விளக்கை அணைப்பாள். ஆறு புதன்கிழமை இப்படிப் போனது. இலவு காத்த கிளி என்று சொல்வார்கள். அந்தக் கிளிக்காவது காய் கண்ணில் பட்டது. இவளுக்கு ஒரு போன்கூட வரவில்லை. அதுதான் அவளை அரித்தது. பிடிக்கவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, வழக்கம்போலப் புத்தகத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசியிருக்கலாமே. இனிப் பேச்சே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. இருந்ததையும் கெடுத்துக்கொண்டோமே என்று நினைத்து நினைத்து, சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

எழுபத்தாறாம் நாள் போன் வந்தது. புத்தகத்தை இரண்டு தடவை கேட்டாராம், அதனால்தான் தாமதமாம். அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. எதிரே மேலாளர் அம்மா தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எழுதினவர் பெரிய ஆளுதான் மேடம். அந்தப் படகோட்டி செத்துப்போறார், அழுது முடிக்கறதுக்குள்ள எழுந்து உட்கார்ந்து சாப்பிடறார். பேத்திக்குக் கல்யாணம் ஆகுது, அப்புறம் அவ அம்மா பொறக்கறா. முதல்ல தலையும் புரியல காலும் புரியல. ரெண்டாவது தடவை கேட்டப்போ பழகிடுச்சு. யோசிச்சுப் பார்த்தா நமக்கும் எல்லாம் அப்படித்தானே ஞாபகம் வருது?"

அவளுக்குத் திக்கென்றது. படகோட்டி பதினேழாவது பகுதியில் சாகிறார். அவர் வயிறாரச் சாப்பிடுவது இரண்டாவதில். அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று கேட்கவேண்டும் என்று அவர் ஏதோ ஆரம்பித்தார். அவள் காதில் அது விழவே இல்லை. வரிசை தப்பிப்போயிருக்கிறது சார், சரிபண்ணி மறுபடி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கறுப்புத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, இருக்கிற பதிவுகளின் பட்டியலைக் காட்டச் சொல்லி எல்எஸ் என்று அடித்தாள். காட்டியது. ஒன்று. அதன்கீழ் பத்து. அதன்கீழ் நூறு. பிறகு பதினொன்று, பன்னிரண்டு என்று போய், பத்தொன்பதுக்கு அப்புறம்தான் இரண்டு வந்தது. இரண்டுக்குக் கீழே இருபது.

கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டாள். அவர் சிரித்தார். அதற்கு எண்ணத் தெரியாது, எழுத்துக் கூட்டத்தான் தெரியும் என்றார். அகராதி மாதிரி முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஒன்றில் தொடங்குகிற எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுத்தான் இரண்டுக்கு வரும். அதனால்தானே சுழியம் போடச் சொன்னேன் என்றார். எல்எஸ் என்று அடித்து இடம் விட்டு ஒரு சின்னக் கோடும் ஆங்கில வி எழுத்தும் போடச் சொன்னார். போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி எல்லாம் தத்தம் இடத்துக்குப் போய் நின்றன. நூறு கடைசியில் இருந்தது. அவள் வைத்த இடம் அதுதான். ஆனால் அவர் அதைக் கேட்டது மூன்றாவதாக.

அப்படியென்றால் முதல் நாள் மாலையே கேட்டுவிட்டார். உட்கார்ந்து நாற்பது நிமிடம் ஆனதுமே அவள் அழைத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை புதன்கிழமையும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. கேட்டும் வரவில்லை. வராததோடு, ஒன்றும் நடக்காததுபோலப் போனில் பேசவும் பேசுகிறார். மரியாதையான மனிதர், மூஞ்சியில் அடித்தமாதிரி சொல்லாமல் பெருந்தன்மையாக விட்டுவிட்டார் என்று முடிவுகட்டினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. பத்தாவது பகுதி எங்கே முடிகிறது என்று அந்த நேரத்தில் யோசித்திருந்தால் இந்தக் கதை வேறுமாதிரி போயிருக்கும். யோசிக்கவில்லை. படகோட்டியின் மகள் கதவைச் சாத்திக்கொண்டு கடிதம் எழுத உட்காருகிற இடத்தில்தான் அது முடிகிறது.

அன்றைக்கே தொண்ணூற்றொன்பது பெயருக்கும் ஒவ்வொன்றாகச் சுழியம் போட்டாள். தண்டனை எழுதுகிற மாதிரி மத்தியானம் முழுக்க உட்கார்ந்து போட்டாள். நூறை அழிப்பதற்கான வரியை அடித்தாள். பொத்தானைத் தட்டக் கை வரவில்லை. அதை மட்டும் தனியாக வேறொரு இடத்துக்கு மாற்றிவைத்துவிட்டு, மிச்சத்தை ஒட்டி அனுப்பினாள். இரண்டாவது நாற்காலி முன்னறைக்குத் திரும்பியது. இனிமேல் செவ்வாயும் சனியும் வருகிறேன் என்று மேலாளர் அம்மாவிடம் சொன்னாள். புதன்கிழமைக்கு என்ன குறைச்சல் என்று அவர் கேட்டதற்கு, வீட்டில் வேலை என்றாள். புதன்கிழமைகளில் வீட்டில் ஒரு வேலையும் இருக்காது. நாலு மணிக்கு மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துவருவாள், அதை மெதுவாக மடிப்பாள். தம்பி பிள்ளைகள் ஏதாவது கேட்டால் இரண்டாவது முறைதான் பதில் வரும்.

நாற்பது நாள் போனது. ஒரு சனிக்கிழமை அவள் உள்ளே நுழைந்ததும் மேலாளர் அம்மா பிடித்துக்கொண்டார். புதன்கிழமை டெலிபோன்காரர் நேரிலேயே வந்திருந்தாராம். நான்கு வருடத்தில் முதல் தடவையாம். சரியாக நாலு மணிக்கு, கோலைத் தட்டிக்கொண்டு, நல்ல சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாராம்.

"புது அட்டையை முழுசாக் கேட்டாராம். வரிசையெல்லாம் சரியா இருக்கு, ஆனா பழசுல ஆரம்பத்துலயே ஒரு பொண்ணு லெட்டர் எழுதுவாளே, புதன்கிழமை வாங்கன்னு, அதைக் காணோமேன்னார். ரெண்டு தடவை கேட்டப்பவும் யாராவது அந்தப் பொண்ணைப் பார்க்கப் போவாங்க போவாங்கன்னு இருந்தாராம், கடைசி வரைக்கும் ஒருத்தரும் போகலையாம். வரிசையில கேட்டாலாவது போவாங்களான்னுதான் மறுபடியும் முழுசாக் கேட்டாராம். எனக்கு ஒன்னும் புரியல. நான் அந்தப் புத்தகத்தைப் படிச்சிருக்கேன் சார், அப்படி ஒரு லெட்டரே கிடையாதேன்னு சொன்னேன். கிடையாதான்னு ரெண்டு தடவை கேட்டார்."

அவள் நின்றபடியே, அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

வாசிக்கிற அறை எங்கே என்று கேட்டாராம். மேலாளர் அம்மாவே கூட்டிக்கொண்டுபோய் விட்டாராம். அவள் செவ்வாய்க்கும் சனிக்கும் மாற்றிக்கொண்டாள் என்று சொல்லியும், பரவாயில்லை, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றாராம். மேசையைத் தடவிப் பார்த்தாராம், மைக்கைத் தொட்டுப் பார்த்தாராம், அவள் நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாகவே நின்றாராம். ஆறு மணிக்கு விளக்கை அணைக்கப் போனபோதும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாராம். மனுஷருக்கு என்ன ஆச்சோ என்றார் மேலாளர் அம்மா.

குடிநீர் வாரியத்தின் எண் தண்ணீர் ரசீதின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும். அவளுக்கு அது மனப்பாடம். ஆனால் ஒருமுறைகூட அந்த எண்ணை அடித்ததில்லை. வீட்டுக் குழாயில் மூன்று நாள் தண்ணீர் வராதபோதுகூடத் தம்பியைத்தான் கூப்பிடச் சொன்னாள். இப்போது மேலாளர் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, அவர் மேசைமேல் இருந்த போனையே எடுத்து அடித்தாள். வெளியே போய்ப் பேசலாம் என்றோ யாராவது கேட்பார்கள் என்றோ அவளுக்குத் தோன்றவே இல்லை.

"வணக்கம், குடிநீர் வாரியம். யாருக்கு இணைக்கணும்?"

"யாருக்கும் வேண்டாம்," என்றாள். "உங்ககிட்டதான் பேசணும்."

மேலாளர் அம்மா கையிலிருந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"அந்தப் பொண்ணு புத்தகத்துல இல்லை. நான்தான் சொன்னேன். உங்களைத்தான் வரச்சொன்னேன். வராட்டியும் வருத்தமில்லைன்னு சொன்னது பொய்."

"சொல்லுங்க," என்றார் அவர். "கேட்டுட்டிருக்கேன்."

அவருக்குப் பின்னால் போன் மணிகள் அடிக்க ஆரம்பித்தது அவளுக்குக் கேட்டது. ஒன்று அடித்தது, அது ஓய்வதற்குள் இன்னொன்று, பிறகு மூன்றாவது. தண்ணீர் வராத வீடுகள் எத்தனையோ. அவர் எதையும் எடுக்கவில்லை.